கேட்காமல் எடுத்த புத்தகங்கள்
மின்னேட்டின் கதை – பகுதி 9

குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' என்ற டி.எல்.ஐ.யைத் தொடங்கிவைத்த 2003 செப்டம்பர் 8-ம் தேதியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களுக்கு நாலு வரி. சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1994-ல் டூரிங் விருதும் வாங்கியவர் ராஜ் ரெட்டி. பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்து, காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தத் திட்டத்தின் இந்தியப் பக்கமான டி.எல்.ஐ. வேலையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். ஸ்கேனர்களுக்கான பணம் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடமிருந்து வந்தது. புத்தக அலமாரிகளும் பக்கம் புரட்டும் கைகளும் நம்முடையவை.

விழா மேடைகளில் பெரிதாக எழாத ஒரு கேள்வி உண்டு. இந்தப் புத்தகங்கள் யாருடையவை?

இந்த வாரம் அதுதான்.

★

ஸ்கேன் அறைக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

மினோல்டா பிஎஸ் 7000 என்ற இயந்திரம். ஜெராக்ஸ் மெஷினைப் போலப் புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்த வேண்டியதில்லை. மல்லாக்க விரித்து வைத்தால் போதும், மேலிருந்து கேமரா படம் பிடிக்கும். முதுகு உடையும் பழைய புத்தகங்களுக்கு ஏற்ற ஏற்பாடு. பக்கத்தைப் புரட்டு, பொத்தானை அழுத்து, மறுபடி புரட்டு. ஒவ்வொரு பக்கமும் 600 டிபிஐ அளவில் கறுப்பு வெள்ளை டிஃப் கோப்பாக உள்ளே போகும். பிறகு ஓரம் வெட்டி, சாய்வு நிமிர்த்தி, கறை துடைப்பார்கள்.

அதற்கப்புறம் ஒரு படிவம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மொழி, பொருள், கடைசியாக உரிமை.

தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்தார்கள். 'ழ'வுக்கு ஒருவர் ஒன்று போட்டார், இன்னொருவர் வேறொன்று போட்டார். ஆசிரியர் பெயர் கிடைக்காத இடத்தில் 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். இதெல்லாம் நூலகர்களின் தலைவலி, சகித்துக்கொள்ளலாம். ஆனால் உரிமை என்ற கட்டத்தில் ஏராளமான புத்தகங்களுக்கு விழுந்த சொல், 'பொதுவுடைமை'.

அந்தக் கட்டத்தை நிரப்பியவர் வக்கீல் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை புத்தகம் முடித்தாக வேண்டிய ஓர் ஊழியர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் கையில் இருந்த புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

ஏன் கிடையாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முழு விவகாரத்தின் முடிச்சும் அங்கேதான் விழுந்தது.

இந்தியாவின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு எழுத்தாளரின் உரிமை அவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் மறைந்த ஆண்டு முடிந்து மேலும் 60 ஆண்டுகளும் நிற்கும். முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் உரிமை 1991-ல் முடிய இருந்த நேரத்தில் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள்.

ஆக, கணக்கு தொடங்குவது எழுத்தாளரின் மரணத்திலிருந்து. புத்தகம் அச்சான ஆண்டு பொதுவாக இந்தக் கணக்கில் வருவதில்லை. தமிழ்ப் புத்தகத்தின் உள்பக்கத்தைப் புரட்டினால் 'முதற்பதிப்பு' என்று ஆண்டு இருக்கும், 'உரிமை ஆசிரியருக்கு' அல்லது 'உரிமை பதிவு' என்று ஒரு வரி இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். ஆசிரியர் எப்போது காலமானார் என்று எந்தப் பதிப்பாளர் முன்கூட்டியே அச்சடிப்பார்? புனைபெயரில் எழுதியவர் என்றால் யார் காலமானார் என்றே தெரியாது.

புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தார். சாதாரணச் சட்டக் கணக்கில் அவர் எழுத்து 2008 முடிந்ததும் எல்லோருக்குமாகிவிடும். தி. ஜானகிராமன் மறைந்தது 1982. அவர் எழுத்து 2042 டிசம்பர் 31 வரை வாரிசுகளின் சொத்து. இருவர் புத்தகங்களின் பழைய பதிப்புகளையும் நூலக அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே பழுப்பு, அதே பூச்சி அரித்த ஓரம். தாள் பழுத்துவிட்டால் உரிமையும் உதிர்ந்துவிட்டது என்று நினைப்பது எவ்வளவு சுலபம்!

அந்தச் சுலபத்தில்தான் வாழும் எழுத்தாளர்களின் புத்தகங்களும், அண்மையில் மறைந்தவர்களின் புத்தகங்களும் உள்ளே போயின.

★

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்தத் தொடர் நியாயமாகாது.

இதை எழுதும் பெங்களூரு ஜீவனஹள்ளியிலிருந்து டாடா இன்ஸ்டிட்யூட் பத்து கிலோமீட்டர் இருக்கலாம். இந்திய அறிவியல் கழகம் என்றால் இங்கே ஆட்டோக்காரருக்குப் புரியாது. காக்ஸ் டவுன், மாருதி சேவா நகர், ஜீவனஹள்ளி என்று இந்தப் பக்கம் முழுக்கத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. ஆனால் 1930-களில் வெளியான ஒரு புத்தகம் வேண்டும் என்றால், கண்டோன்மென்ட்டில் ராத்திரி மெயில் ஏறி, காலையில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் படியில் போய் உட்கார வேண்டியிருந்தது. அங்கேயும் 'எடுத்துத் தர ஆளில்லை, நாளைக்கு வாங்க' என்று சொல்லிவிட்டால் அன்றைய பிழைப்பு அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்களுக்கு டி.எல்.ஐ. என்ன செய்தது என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும். தளம் அழகானது இல்லை. டிஃப் கோப்பைத் திறக்கத் தனியாக ஒரு செருகுநிரல் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வரும். அடுத்த பக்கத்துக்கு அமுக்கினால் சர்வர் தூங்கிவிடும். பொறுமை இழந்த இளைஞர்கள் சிலர், எல்லாப் பக்கங்களையும் தானாக இறக்கி ஒரே பிடிஎஃப் ஆகக் கட்டும் நிரலை எழுதி நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், ஸ்பைரல் பைண்டிங் செய்து, அப்பாவுக்குப் படிக்கக் கொடுத்த பிள்ளைகள் உண்டு.

வாசகருக்குக் கிடைத்த இந்த லாபம் பொய்யில்லை. பதிப்பாளரே மறந்த புத்தகம், கடையில் எங்கும் இல்லாத புத்தகம், இருந்த ஒரே பிரதியும் செல்லரித்துக்கொண்டிருந்த புத்தகம். அதைக் காப்பாற்றியவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே ஜீவனஹள்ளியில் இன்னொரு வீட்டையும் கற்பனை செய்துகொள்வோம். அந்த வீட்டு அப்பா அறுபதுகளில் மூன்று நாவல் எழுதி, 1975-ல் காலமானார். 2035 முடியும்வரை உரிமை மனைவி மக்களுக்கு. பதிப்பாளருக்கு அப்பா எழுதிக்கொடுத்தது ஒரு பதிப்புக்கா, சகல உரிமைகளுக்குமா? அந்த ஒப்பந்தத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மகளுக்குத் தெரியாது. புதுப் பதிப்புப் போட ஒருவர் தேடி வருகிறார். "நெட்டிலதான் முழுசா சும்மா கிடைக்குதேம்மா, யாரு வாங்குவா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார்.

அந்த மகளிடம் யாராவது முன்னமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

★

கேட்பது முடியாத காரியமா?

இதே திட்டத்தின் அமெரிக்கப் பக்கத்தில் கேட்டுப் பார்த்தார்கள். கார்னகி மெலன் நூலகத்தைச் சேர்ந்த டெனிஸ் ட்ரோல் கோவி, பதிப்பாளர்களுக்கு முறையாகக் கடிதம் எழுதி அனுமதி வாங்கும் வேலையை ஆய்வாகவே செய்தார். அரிய நூல் தொகுப்பு ஒன்றுக்கு, தலைப்பு தலைப்பாகத் தேடி, முகவரி கண்டுபிடித்து, நினைவூட்டல் அனுப்பி, பதில் வாங்கியதில் ஒரு புத்தகத்துக்கு ஆன செலவு 78 டாலர். புத்தகத்தை ஸ்கேன் செய்வதைவிட அனுமதி கேட்பதற்கு அதிகம் செலவு! பிறகு வழியை மாற்றினார்கள். 'உங்கள் வெளியீடுகளில் அச்சில் இல்லாத அத்தனைக்கும் சேர்த்து அனுமதி தாருங்கள்' என்று பதிப்பகத்திடம் மொத்தமாகக் கேட்டதும், செலவு ஒரு டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது.

கேட்க வழி இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

நம் நாட்டிலேயே இன்னும் பழைய முன்னுதாரணம் உண்டு. பாரதியின் எழுத்துகளை 1949-ல் சென்னை மாகாண அரசு நாட்டுடைமையாக்கியபோது, பாடல்களின் ஒலிபரப்பு உரிமையை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் கேட்டுப் பெற்றது, பாரதியின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்தது. பிறகுதான் மக்களுக்குத் திறந்துவிட்டது. இன்று வரை தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்றால் அதுவே நடைமுறை. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை உண்டு, மறுக்கும் உரிமையும் உண்டு. 2009-ல் சுந்தர ராமசாமி, கண்ணதாசன் குடும்பத்தார் 'எங்களுக்கு வேண்டாம்' என்று சொன்னார்கள்.

டி.எல்.ஐ. வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் ஏற்றிவிடுவது. உரிமை உள்ளவர் யாராவது பார்த்துச் சொன்னால் இறக்கிவிடுவது. அடுத்த வீட்டு மாங்காயைப் பறித்துவிட்டு, 'ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்' என்று பலகை மாட்டுகிற மாதிரி.

சட்டம் சொல்வது வேறு. கேட்க வேண்டியவர் எடுப்பவர். உரிமையாளர் வாயைத் திறக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

★

இதே தலைகீழ் வரிசை, இதைவிடப் பல மடங்கு பெரிதாக, நியூயார்க்கில் ஒரு நீதிமன்றத்துக்கு வந்துகொண்டிருந்தது.

2004 டிசம்பரில் கூகுள் அறிவித்தது: மிச்சிகன், ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட், நியூயார்க் பொது நூலகம் ஆகியவற்றின் புத்தகங்களை ஸ்கேன் செய்யப் போகிறோம். 2005 செப்டம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்ட் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே ஐந்து பெரிய பதிப்பகங்கள் தனியாக ஒரு வழக்கு.

இந்த வேகத்தின் காற்று நம் பக்கமும் அடித்தது. 2007 மே மாதம், மைசூர் பல்கலைக்கழகத்தின் எட்டு லட்சம் நூல்களையும் சுவடிகளையும் கூகுள் மின்வடிவாக்கும் என்று அறிவிப்பு வந்தது.

2008 அக்டோபர் 28. வழக்காடியவர்கள் திடீரென்று கைகுலுக்கிவிட்டார்கள். 12.5 கோடி டாலர் சமரசம். ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்ட புத்தகத்துக்குத் தலா 60 டாலராவது உரிமையாளருக்குக் கிடைக்கும். அச்சில் இல்லாத புத்தகங்களை கூகுள் விற்கலாம். 'எனக்கு இது வேண்டாம்' என்று குறித்த தேதிக்குள் எழுதித் தெரிவிக்காதவர்கள் அனைவரும் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவார்கள்.

அனைவரும் என்றால், அமெரிக்க எழுத்தாளர்கள் மட்டும் இல்லை. அமெரிக்க நூலக அலமாரியில் புத்தகம் இருந்தால் போதும். கும்பகோணத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளரும் அந்த வழக்கின் கட்சிக்காரர்தான். அவருக்குத் தெரியாது, அவ்வளவே.

புயல் கிளம்பியது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் அர்சுலா லே குவின் 2009 டிசம்பரில் ஆதர்ஸ் கில்டிலிருந்து ராஜினாமா செய்தார். தனக்காகப் போராட வேண்டிய சங்கமே தன் உரிமையைக் கைகழுவிவிட்டது என்பது அவர் கோபம். ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகள் ஆட்சேபித்தன. 2009 நவம்பரில் சமரசத்தைத் திருத்தி, அமெரிக்காவில் பதிவான நூல்கள், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் வெளியான நூல்கள் என்று வளையத்தைச் சுருக்கினார்கள்.

அப்படிப் பார்த்தால் நம் நூல்களில் மிகப் பெரும்பாலானவை தப்பிவிட்டன. இருந்தும் 2010 ஜனவரியில் இந்தியப் பதிப்பாளர் கூட்டமைப்பும், ஐ.ஆர்.ஆர்.ஓ. என்கிற இந்திய மறுபதிவு உரிமை அமைப்பும் நியூயார்க் நீதிமன்றத்தில் ஆட்சேப மனு கொடுத்தன. அமெரிக்காவில் பதிவு செய்த இந்திய நூல்கள் இன்னும் வளையத்துக்குள் இருந்தன. அதைவிட முக்கியம், பேசாமல் இருந்தாலே சம்மதம் என்ற அந்த விதி.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நியூயார்க் வரை போய் அந்த விதியை எதிர்த்த அதே காலத்தில், அதே விதியின் மேல் பெங்களூரில் ஓர் அரசுத் திட்டம் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அந்த அளவுக்கு உரத்த குரல் எழவில்லை.

★

2011 மார்ச் 22.

நீதிபதி டென்னி சின் முன் சுமார் 500 மனுக்கள் குவிந்திருந்தன. பெரும்பாலானவை ஆட்சேபங்கள். சமரசத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 6,800 பேர். கூகுள் அதற்குள் 1.2 கோடிப் புத்தகங்களுக்கு மேல் ஸ்கேன் செய்து முடித்திருந்தது.

சமரசத்தை அவர் நிராகரித்தார். எல்லோருக்கும் எட்டும் நூலகத்தின் பயனை அவர் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு அளவு மீறிப் போகிறது என்றார். விரும்பாதவர் விலகிக்கொள்ளட்டும் என்பதற்குப் பதில் விரும்புகிறவர் சேர்ந்துகொள்ளட்டும் என்று மாற்றினால் பல ஆட்சேபங்கள் தீரும் என்று வழியும் காட்டினார்.

எழுத்தாளர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2013 நவம்பரில் அதே டென்னி சின், மூல வழக்கில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2015 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

தடம் மாறியது எப்படி? சமரசம், புத்தகத்தை விற்பதைப் பற்றியது. தீர்ப்பு, புத்தகத்தைத் தேடுவதைப் பற்றியது. உரிமையுள்ள புத்தகத்தில் கூகுள் காட்டியது துணுக்குகளை மட்டும். ஒரு துணுக்கு என்பது பக்கத்தில் எட்டில் ஒரு பங்கு. எத்தனை முறை தேடினாலும் திறக்காதபடி சில பக்கங்கள் நிரந்தரமாக மூடப்பட்டிருந்தன. இந்தத் துணுக்குகளை ஒட்டவைத்து யாரும் நாவல் படித்துவிட முடியாது, எனவே இது நியாயமான பயன்பாடு என்றது நீதிமன்றம்.

பெங்களூருக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. டி.எல்.ஐ. காட்டியது அட்டை முதல் அட்டை வரை முழுப் புத்தகம்.

இந்தியச் சட்டமும் 2012 திருத்தத்தில் ஒரு கதவைத் திறந்திருந்தது, ஆனால் பாதிதான். வணிக நோக்கமில்லாத நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதியாக உள்ள புத்தகத்தைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம். சேமிக்கத்தான் அனுமதி. உலகத்துக்கே விரித்து வைக்க இல்லை.

★

டி.எல்.ஐ.யில் சுமார் ஐந்தரை லட்சம் நூல்கள் சேர்ந்திருந்தன. பதிப்புரிமைப் புகார்கள் முற்றி, ஒரு கட்டத்தில் தளமே இழுத்து மூடப்பட்டது.

உரிமையுள்ள புத்தகங்களை மட்டும் பிரித்தெடுத்து இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எது உரிமையுள்ளது என்று சொல்ல வேண்டியது அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டம். அதை நம்ப முடியாது. ஐந்தரை லட்சம் நூல்களுடைய ஆசிரியர்களின் மறைவு ஆண்டை யார் உட்கார்ந்து தேடுவது? ஜானகிராமனோடு சேர்ந்து, யாருக்கும் சொந்தமில்லாத 1890-களின் இலக்கணப் புத்தகமும் இருட்டுக்குள் போனது. தொடக்கத்தில் கேட்காமல் மிச்சப்படுத்திய உழைப்புக்குக் கடைசியில் இப்படி வட்டி கட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் தளம் மூடுவதற்கு முன்பே ஒருவர் அதற்குள் வந்துபோயிருந்தார். கலிபோர்னியாவைச் சேர்ந்த கார்ல் மாலமூட். அரசு ஆவணங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதையே தொழிலாகக் கொண்டவர். டி.எல்.ஐ.யிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை நகலெடுத்து, சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டார். இன்றும் அங்கே ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால், முகவரியில் 'இன்.எர்நெட்.டிஎல்ஐ.2015' என்ற முத்திரையைப் பார்க்கலாம்.

நம் அரசு மூடிய நூலகம், கடல் கடந்து திறந்திருக்கிறது.

இங்கே இன்னொரு முடிச்சு விழுகிறது. 1950-ல் சென்னையில் வெளியான ஒரு புத்தகம், ஆசிரியர் மறைந்தது 1960 என்று கொள்வோம். இந்தியச் சட்டப்படி 2020-ஓடு உரிமை தீர்ந்தது, இங்கே யாரும் அச்சிடலாம். அமெரிக்கச் சட்டமோ அயல்நாட்டுப் பழைய நூல்களுக்கு வேறு கணக்குப் போடுகிறது. வெளியானதிலிருந்து 95 ஆண்டு, அதாவது 2045 முடியும்வரை உரிமை உயிரோடு இருக்கும். சென்னையில் செத்த உரிமை, அந்தப் பிரதி உட்கார்ந்திருக்கும் சான்பிரான்சிஸ்கோவில் சாகவில்லை.

அப்படியானால் அந்தப் புத்தகத்தை இறக்கு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? டெல்லியில் இருக்கும் நம் அரசுக்கா, ஜீவனஹள்ளியில் அப்பாவின் ஒப்பந்தத்தைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த மகளுக்கா? சொன்னால், மாலமூட் கேட்பாரா?

(அடுத்த வாரம் தொடரும்)